நிபுணர் வருகிறார்!

பூங்காவும் விளையாட்டு மைதானமும் அமைக்கவேண்டும் என்ற ஆசை ஒரு நகரசபைக்கு உண்டானால், அது முதலில் தேடுவது மண்வெட்டியை அல்ல, நிபுணரை. இதில் பிசகு ஒன்றும் இல்லை. கொத்தனாரைக் கேளாமல் யாரும் அஸ்திவாரம் தோண்டுவதில்லை. ஆனால் நிபுணர் சொல்லும் யோசனையை என்ன செய்வதாக உத்தேசம்? அதை அல்லவா முன்னதாகத் தீர்மானிக்க வேண்டும்!

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் நடந்ததைக் கேளுங்கள். அந்நகரம் அசுர வேகத்தில் பெருகி வந்த காலம். 1927-ம் வருஷத்தில் அங்குள்ள வர்த்தக சங்கத்தின் முயற்சியால் பூங்காக்களுக்கென்று ஒரு பிரஜைகள் கமிட்டி ஏற்பட்டது. கமிட்டி லேசான ஆட்களைப் பிடிக்கவில்லை. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை வகுத்தவர்களில் ஒருவரான ஆல்ம்ஸ்டெட்டின் புதல்வர்கள் ஸ்தாபித்த கம்பெனியையும், பார்த்தலமியூ என்ற பிரபல நகர நிர்மாண நிபுணரையும் அமர்த்தியது. 1930-ல் அறிக்கை வெளிவந்தது. கடற்கரையைப் பொதுஜனங்களுக்காக வாங்கிவிடுங்கள். வெள்ளம் புரளும் ஆற்றங்கரை நிலங்களில் வீடு கட்ட விடாமல் அவற்றைப் பூங்காவாக வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளத்துக்கும் வழி கிடைக்கும், குழந்தைகளுக்கும் இடம் கிடைக்கும் என்றது அது.

இருபது கோடி டாலருக்கு மேல் செலவு. நாற்பது ஐம்பது வருஷத்தில் செய்து முடிக்கவேண்டிய வேலை. அதை நடத்தத் தனி அதிகாரமுள்ள ஒரு போர்டு வேண்டும் என்றும் நிபுணர்கள் சொன்னார்கள். பிடித்தது தகராறு! அழைத்து வந்த பெரிய மனிதர்களே கையை உதறினார்கள். அச்சானது இருநூறு பிரதிதான். அதோடு அறிக்கை அலமாரியில் துயில் கொண்டது. 1938-ல் பெருவெள்ளம் வந்து உயிர்களையும் வீடுகளையும் வாரிக்கொண்டு போயிற்று. அதன் பிறகு ஆற்றையே சிமெண்டுக் கால்வாயாக்கினார்கள். பூங்கா வரவேண்டிய கரை போயே போய்விட்டது.

நமது நாட்டுக்கு வந்த ஒரு நிபுணர் வேறு விதம். ஸ்காத்லாந்தைச் சேர்ந்த பாட்ரிக் கெட்டிஸ், 1914-ல் சென்னை கவர்னர் பெண்ட்லண்டு பிரபுவின் அழைப்பின்பேரில் வந்தார். அவருடைய நகர நிர்மாணக் கண்காட்சிச் சாமான்கள் ஏறிவந்த கப்பலை எம்டன் மூழ்கடித்துவிட்டது. (அந்தப் பெயர் நம்மவர் வாயில் இன்னும் எந்தப் பொருளில் வழங்குகிறது என்று சொல்லவேண்டியதில்லை.) மனிதர் அசரவில்லை. புதிதாகச் சேகரித்து 1915-ல் சென்னையில் கண்காட்சியை நடத்தியே விட்டார். மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களுக்கு அறிக்கையும் எழுதினார்.

அவர் தெருத்தெருவாக நடந்தார். ஊரை இடித்து நேர்த்தெரு போடும் வழக்கத்தை அவர் ஒப்பவில்லை. சிதிலமான ஒன்றிரண்டு வீடுகளை மட்டும் எடுத்து, அந்த இடத்தில் மரமும் கிணற்றடியும் குழந்தைகள் ஆட முற்றமும் வைக்கலாம் என்பது அவர் கொள்கை. தம் ஊராகிய எடின்பரோவின் பழைய பகுதியிலும், குப்பை கொட்டிக் கிடந்த மூலைகளை அளந்து, மகள் நோராவின் கைத்திறத்தால் சிறு தோட்டங்களாக்கியவர் அவர். இந்தூரில் அவர் செய்ததுதான் விசேஷம். தீபாவளி ஊர்வலம் எந்தத் தெருவார் அதிகமாகச் சுத்தம் செய்து வீட்டைப் பழுது பார்க்கிறார்களோ அந்தத் தெரு வழியாகவே போகும் என்று அறிவித்தார். ஊர் முழுவதும் விளக்குமாறும் சுண்ணாம்பும் கையுமாகக் கிளம்பிவிட்டது!

மாலையில் மணி அடித்தவுடன் பள்ளிப் பிள்ளைகள் மோட்டார் வண்டிகளுக்கு நடுவில் பந்து ஆடுவதைத் தினமும் பார்க்கிறவர்கள் நாம். எழில்மிகு நீரூற்றின் படம் அவர்களுக்கு எதற்கு? எந்தப் பேட்டையில் எத்தனை குழந்தைகள்? பெண்கள் எந்த வேளையில் தயக்கமின்றி வந்து உட்காரலாம்? கிழவர்கள் எவ்வளவு தூரம் நடக்க முடியும்? திறப்பு விழாவுக்கு மறுவருஷம் செடிக்குத் தண்ணீர் விடுகிற தோட்டக்காரனுக்குச் சம்பளம் எந்த வரியிலிருந்து வரும்? இவற்றைப் பற்றி ஒரு வரியும் இல்லாத அறிக்கைக்கு நகரசபை ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது.

நிபுணரோடு செய்யும் ஒப்பந்தத்தில் இன்னொரு ஷரத்தும் இருக்கட்டும். அறிக்கை ஊரார் பேசும் பாஷையில் அச்சாகி, பணத்தின் கடைசித் தவணை கொடுபடுவதற்கு முன்பே, ஒவ்வொரு வட்டத்து வாசகசாலை மேஜைமீதும் வந்துவிட வேண்டும்.