புள்ளியும் புலமையும்

கற்ற குடும்பங்களிலே இந்நாளிற் பரவிவரும் நோய் ஒன்றுண்டு. மருத்துவ நூல்களில் அதற்குப் பெயரில்லை. "புள்ளிக் கவலை" என்று நாமே ஒரு பெயர் சூட்டிக்கொள்ளலாம். பட்டப் படிப்பை முடித்து, வெளிநாடு சென்று மேலும் கற்பதற்குப் புலமைப்பரிசில் நாடும் மாணவர்களை இது பெரிதும் வாட்டுகின்றது. "என் சராசரி 3.21தான். இதை வைத்துக்கொண்டு விண்ணப்பித்தல் வீண் முயற்சி அன்றோ?" என்று எம்மிடம் வந்து வினவுவோர் பலர். வினவாமலே விண்ணப்பத்தைக் கைவிடுவோர் அவரினும் பலர். அவர்கள் பொருட்டே இவ்வாரம் இதனை எழுதுகின்றோம்.

இக்கவலை எங்கே பிறக்கின்றது? எம் பிள்ளைகள் பத்து வயதிலே ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு அமர்கின்றனர். "வெட்டுப்புள்ளி" என்னும் சொல்லை அவர்கள் முதன்முதலாகக் கேட்பது அப்பொழுதுதான். ஒரு புள்ளி குறைந்தாலும் வாயில் அடைபடும். ஏன் குறைந்தது என்று கேட்பார் இலர். பின்னர் உயர்தரப் பரீட்சை வருகின்றது. பல்கலைக்கழக அனுமதிக்கு 2001ஆம் ஆண்டு முதல் இசட் புள்ளி என்னும் அளவு வழக்கில் உள்ளது. அது நான்கு தசமதானம் வரை கணிக்கப்படுகின்றது. இவ்வாறு இருமுறை ஓர் எண்ணினாலே நிறுக்கப்பெற்ற பிள்ளை, மூன்றாம் முறையும் ஓர் எண்ணே தன்னை நிறுக்கும் என்று கருதுவதில் வியப்பில்லை. ஆயினும் அக்கருத்துப் பிழையானது. பட்டப்பின் படிப்புக்குரிய புலமைப்பரிசில்களில் பெரும்பாலானவை புள்ளியை வாயிற்படியாகக் கொள்கின்றனவேயன்றி, வீடாகக் கொள்வதில்லை.

சில விதிகளை நோக்குவோம். இந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் 4.00க்கு 3.70 பெற்றவர் முதலாம் வகுப்பு, 3.30 பெற்றவர் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு; 3.00 பெற்றவர் இரண்டாம் வகுப்புக் கீழ்ப்பிரிவு. 1959இல் ஒக்ஸ்போர்டிற் கூடிய மாநாட்டின் பயனாய்த் தோன்றிய பொதுநலவாயப் புலமைப்பரிசில், ஐக்கிய இராச்சியத்திற் கற்பதற்கு மேற்பிரிவை எதிர்பார்க்கின்றது. எனினும் கீழ்ப்பிரிவு பெற்றவர், தம் துறையில் ஒரு பட்டப்பின் தகைமையும் பெற்றிருப்பின் அவருக்கும் இடமளிக்கின்றது. செவனிங் புலமைப்பரிசில் இரண்டாண்டுத் தொழில் அனுபவத்தை, அதாவது 2,800 மணித்தியால உழைப்பை, வேண்டி நிற்கின்றது. வாயிற்படியைத் தாண்டியபின் தேர்வாளர் நோக்குவன வேறு: மாணவர் எழுதும் நோக்கக் கூற்று, ஆசிரியர் தரும் பரிந்துரை, செய்துமுடித்த ஆய்வு, நேர்முகத்திற் காட்டும் தெளிவு என்பனவே அவை.

புள்ளியினால் ஒரு புலமைப்பரிசிலை இழந்து, புலமையினால் மற்றொன்றைப் பெற்ற தமிழர் ஒருவரை உலகம் அறியும். கணித மேதை இராமானுசன் 1904இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் புலமைப்பரிசிலோடு சேர்ந்தார். ஆங்கிலத்திற் சித்தியடையாமையால் அதனை இழந்தார். பின்னர்ச் சென்னையில் எப்.ஏ. பரீட்சையிலும் தோல்வியே கண்டார். 1912இல் துறைமுக அலுவலகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுதுவினைஞராய் அமர்ந்தார். மறு ஆண்டிலே சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் இல்லாத அவருக்கு, மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிப் புலமைப்பரிசில் வழங்கிற்று. எதனால்? 1911இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் சஞ்சிகையில் அவர்தம் கட்டுரை வெளிவந்திருந்தது. கேம்பிரிட்ஜில் ஹார்டி அவர்தம் தேற்றங்களின் அருமையை உணர்ந்தார். வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்து எழுதினார். செய்த வேலையும் அறிந்தோர் சொல்லும் ஒன்றுகூடின; விதி வழிவிட்டது.

இதைக் கேட்டு, "இராமானுசனே தோற்றாரல்லவா!" என்று பாடநூலை மூடிவைப்பவர் அவருடைய வரலாற்றைத் தலைகீழாய்ப் படித்தவராவர். இன்னும் ஈராண்டு கையிலுள்ள மாணவர் புள்ளியை உயர்த்தவே வேண்டும். பெறுபேறு வெளிவந்துவிட்டவர்க்கோ அக்கவலையாற் பயனில்லை. அவர் கையில் எஞ்சியிருப்பன யாவை என்று பார்த்தலே அறிவுடைமை.

முதலாவது, அவ்வவ்வாண்டின் அறிவித்தலை முழுவதும் படித்தல் வேண்டும். நண்பர் சொன்ன விதி சென்ற ஆண்டின் விதியாக இருத்தல் கூடும். இரண்டாவது, தம்மை நன்கறிந்த விரிவுரையாளரிடம் பரிந்துரை வேண்டுக; பெரும் பதவியாளரின் வெறும் புகழுரையினும், ஆய்வுகூடத்தில் உடன்நின்றவரின் நான்கு வரிகள் எடையுடையன. மூன்றாவது, நோக்கக் கூற்றிலே "சிறு வயது முதல் விஞ்ஞானத்தில் ஆர்வம்" என்று எழுதுதல் வேண்டாம். முகத்துவாரத்து மணற்றிட்டு மாரி வெள்ளத்தின்போது வெட்டிவிடப்படுகின்றது. அப்பொழுது வாவி நீரின் உப்புத்தன்மை மாறுதலால் இறாற்குஞ்சுகளுக்கு யாது நிகழ்கின்றது என்று கேட்டு எழுதுபவரின் தாளைத் தேர்வாளர் நிமிர்ந்திருந்து படிப்பர். நான்காவது, குடும்பத்தில் நோயோ வெள்ளமோ வந்து ஓராண்டிற் புள்ளி குன்றியிருப்பின், அதனை இரண்டு வாக்கியத்தில் உண்மையாய்ச் சொல்லி, அடுத்த ஆண்டுகளில் உயர்ந்ததைக் காட்டுக. மன்றாடுதல் வேண்டா.

விதி கேட்கும் அளவுக்குப் புள்ளி உண்மையிலேயே எட்டாதிருப்பின், அவ்வாயில் இவ்வாண்டு அடைபட்டதே. அதை மறைத்துச் சொல்லுதல் ஆசிரியர்க்கு அழகன்று. ஆனால் வழி ஒன்று மட்டுமன்று. உள்நாட்டில் முதுமாணி கற்று, ஈராண்டின்பின் மீண்டும் முயல்வோர் உளர். எம் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், மயில்வாகனனாராய் ஆசிரியத் தொழில் புரிந்தகாலை, 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானார். 1920இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டம் பெற்றார். கப்பலேறாமலே பெற்ற பட்டம் அது. அவரே 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராயினர்.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. அடுத்த வீட்டுப் பிள்ளை முதலாம் வகுப்பாய் இருக்கலாம். அதனை உணவு வேளையிற் சொல்லிக் காட்டுவதால் உங்கள் பிள்ளையின் சராசரி ஒரு தசமமும் உயராது. விண்ணப்பிக்கும் துணிவே குறையும். வந்தாறுமூலையிலும் கல்லடியிலும் கற்று வெளிவரும் எம் பிள்ளைகள் பலர், தத்தம் குடும்பத்தின் முதற் பட்டதாரிகள். இவ்வழியில் முன்சென்று வழிகாட்ட அவர்க்கு அண்ணனோ அக்காவோ இல்லை. ஆகவே, "எத்தனை புள்ளி?" என்னும் வினாவை விடுத்து, "இறுதி நாள் எப்போது? என்னென்ன பத்திரம் வேண்டும்?" என்று கேளுங்கள்.

தேர்வாளர் மறுத்தால் மறுக்கட்டும். அது அவர் தொழில். அவர்க்கு முன்னரே நம்மை நாம் மறுத்துக்கொள்ளுதல் நம் தொழிலன்று. மடித்துவைத்த படிவத்தை இன்றே விரித்து வைத்துக்கொண்டு, முதற் பக்கத்தை நிரப்புங்கள்.