தடையைத் திருத்துவோம், நாயைப் பழிக்க வேண்டா



தமிழாசிரியர் நாய்களின் விளையாட்டைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். காரணம் உண்டு. 'என் செல்லப் பிராணி' என்னும் தலைப்பில் ஐந்தாம் ஆண்டு மாணவர் ஒருவர் எழுதிய கட்டுரையை அண்மையில் திருத்தினேன். தம் ஐந்து மாத நாய்க்குட்டியை, மரக்கிளையில் கம்பியால் கட்டிய மோட்டார் சைக்கிள் டயருக்குள் நாள்தோறும் தாவச் செய்வதாகப் பெருமையோடு எழுதியிருந்தார். யூடியூப்பில் பார்த்துக் கற்றாராம். கட்டுரையில் பிழைகள் குறைவு. ஆனால் அந்த டயர் என்னை உறுத்தியது. மறுநாளே அவரிடமும் அவர் பெற்றோரிடமும் பேசினேன். பிற பெற்றோருக்கும் பயன்படுமே என்று இங்கும் எழுதுகிறேன்.

அவர் பார்த்தது 'அஜிலிட்டி' எனப்படும் தடைதாண்டும் போட்டி. 1978-ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், குதிரைகளின் தடைதாண்டும் போட்டியைப் பின்பற்றி, பார்வையாளர்களை மகிழ்விப்பதற்காக இது நடத்திக் காட்டப்பட்டது. பின்னர்ப் பல நாடுகளுக்கும் பரவியது. உரிமையாளர் உடன் ஓடிக் கையசைவாலும் குரலாலும் வழிகாட்ட, நாய் தாண்டுகம்பு, வளையம், சுரங்கக் குழாய், சீசா, சரிவுப் பலகை ஆகியவற்றை விரைந்து கடக்கும். காண்பதற்கு இனிய விளையாட்டு. அதை நான் எதிர்க்கவில்லை.

ஆயினும் அதில் காயங்கள் உண்டு. 3,801 நாய்களைப் பற்றி அவற்றின் உரிமையாளர்கள் அளித்த விவரங்களைத் திரட்டிய ஆய்வொன்று 2013-இல் வெளிவந்தது. அவற்றுள் 1,209 நாய்கள், அதாவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, ஒருமுறையேனும் காயமுற்றிருந்தன. தோள், முதுகு, கால்விரல் ஆகிய இடங்களிலேயே காயங்கள் மிகுதி.

"விளையாட்டு என்றால் அடிபடத்தான் செய்யும்" என்பார் உளர். மனிதர்க்கு இக்கூற்று ஓரளவு பொருந்தும். வலித்தால் நாம் வாய்விட்டுச் சொல்வோம், வேண்டாமென்றால் விலகுவோம். நாயோ தன் தலைவர் முகம் மலர்வதைக் காண வலியையும் மறைத்து ஓடும். அதன் ஆர்வத்தை ஒப்புதலாகக் கொள்வது நேர்மையாகாது. தடையை அமைப்பவரே அதன் பாதுகாப்புக்கு முழுப் பொறுப்பாளி என்பது என் உறுதியான கருத்து.

இவ்விளையாட்டில் நிகழ்ந்த மாற்றங்களே இதற்குச் சான்று.

முதலாவது, துணிக்குழாய். வாயில் மட்டும் விறைப்பாக இருக்க, மீதி தரையில் படிந்து கிடக்கும் துணி. முன்னே என்ன இருக்கிறதென்று தெரியாமலே நாய் அதை முட்டித் திறந்து வெளிவர வேண்டும். துணி நனைந்தாலோ முறுக்கிக்கொண்டாலோ கால்கள் சிக்கிவிடும். நெடுங்காலம் இருந்த தடைதான். எனினும் அமெரிக்கக் கென்னல் கழகம் 2016-இல் அதைப் போட்டிகளிலிருந்து நீக்கியது.

இரண்டாவது, வளையம். அசையாத சட்டத்தில் ஒரே துண்டாகக் கட்டப்பட்ட வளையத்தில் நாய் மோதினால், மோதலின் விசை முழுவதும் அதன் உடலிலேயே இறங்கும். ஆகவே மோதியவுடன் பிரிந்து திறந்துகொள்ளும் வளையங்கள் வந்தன.

மூன்றாவது, உயரம். பிரிட்டனின் கென்னல் கழகம் பெரிய நாய்களுக்கான தாண்டும் உயரத்தை 65 சென்டிமீட்டரிலிருந்து 60 சென்டிமீட்டராகக் குறைத்தது. இடைப்பட்ட அளவுள்ள நாய்களுக்கென 50 சென்டிமீட்டர்ப் பிரிவையும் 2020-இல் சேர்த்தது.

விதிகளிலும் இதே அக்கறை உண்டு. சரிவுப் பலகையின் அடிப்பகுதியில் வேறு நிறம் தீட்டி, நாயின் பாதம் அங்கே பட வேண்டும் என்பர். உச்சியிலிருந்தே தாவிக் குதித்துத் தோளை முறித்துக்கொள்ளாமல் இருக்கத்தான் அவ்விதி. தாண்டுகம்பும் இலேசாகத் தொட்டாலே விழும்படி வைக்கப்படுகிறது. விழுந்தால் 5 தவறுப் புள்ளிகள். கால் முறிவதைக் காட்டிலும் அது மேலன்றோ?

வயதும் முகாமையானது. பன்னாட்டு நாயியல் கூட்டமைப்பு 18 மாதம் நிறையாத நாயைப் போட்டியில் சேர்ப்பதில்லை; அமெரிக்கக் கழகத்தில் அவ்வரம்பு 15 மாதம். வளரும் குட்டியின் எலும்பு முனைகளில் மென்மையான வளர்ச்சிப் பகுதிகள் உள்ளன. அவை இறுகுமுன் மீண்டும் மீண்டும் குதிக்கச் செய்தால், ஏற்படும் கேடு வாழ்நாள் முழுதும் தொடரக்கூடும்.

எனவே பெற்றோர்க்குச் சில வேண்டுகோள்கள். குட்டி வளரும்வரை கம்பைத் தரையிலேயே கிடத்துங்கள். அது நடந்து கடக்கட்டும். வளர்ந்த பிறகும், இடறினால் விழும்படி கம்பை வையுங்கள். டயர், இரும்புக் கம்பி, நெகிழி நாற்காலி ஆகியவை வேண்டா. ஈரத் தரையிலும் சிமெண்டுத் தரையிலும் குதிக்க விடாதீர்கள். நண்பகல் வெயிலில் பயிற்சி கூடாது. நாய் தயங்கினால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். நொண்டினால் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

ஆசிரியர்க்கும் இதில் பாடம் உண்டு. தடையில் நாய் அடிபட்டபோது, "நாய் சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. தடையை அளந்து, பிரித்து, தேவைப்பட்டால் தூக்கியெறிவதற்குத்தான் துணிவு வேண்டும். நாற்பது ஆண்டுப் பழக்கம் என்பதற்காக எந்தத் தடையும் புனிதமாகிவிடாது. வாயில்லா உயிரிடம் காட்டும் இந்த நேர்மையைப் பிள்ளைகள் வீட்டிலேயே கண்டு வளரட்டும்.