கேக் மசாலா: பாக்கெட்டை விடுங்க, பட்டையைப் பார்த்து வாங்குங்க!

டிசம்பர் வந்தாலே ஆன்லைன் கார்ட்டில் 'பம்ப்கின் ஸ்பைஸ்' ஏறிவிடுகிறது. அமெரிக்காவின் மெக்கார்மிக் நிறுவனம் 1934-ல் பாக்கெட் போட்டு விற்கத் தொடங்கிய கலவை இது. உள்ளே பெரும்பாலும் பட்டை, சுக்கு, ஜாதிக்காய், கிராம்புதான். அத்திப்பட்டு மளிகைக் கடையில் கேட்டாலே கிடைக்கும். வீட்டில் அரைத்தால் காசு மிச்சம். ஆனால், அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது.

எந்தப் பட்டை?

'பட்டை' என்ற ஒரே பெயரில் இரண்டு வகை விற்கிறது. தடிமனாக, கெட்டியாக இருப்பது கேசியா. மெல்லிய அடுக்குகளாகச் சுருண்டு, கையில் எளிதாக நொறுங்குவது இலங்கைச் சுருள் பட்டை. கேசியாவில் கூமரின் அதிகம். சுருள் பட்டையில் மிகக் குறைவு. கூமரின் அளவு மீறினால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கலாம். உடல் எடையில் கிலோவுக்கு தினமும் 0.1 மில்லிகிராம்தான் வரம்பு என்கிறது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம்.

எப்போதாவது சாப்பிடும் ஒரு துண்டு கேக்குக்குப் பயம் வேண்டாம். தினமும் காபியிலும் ஓட்ஸிலும் தூவுபவர்கள்தான் யோசிக்கணும். தூளாகிவிட்டால் எது எந்தப் பட்டை என்று கண்ணால் சொல்ல முடியாது. முழுசாக வாங்கினால் முடியும்.

எப்படிச் செய்வது?

தனித்தனியாக அரைத்துச் சலித்த பட்டைத் தூள் 4 டீஸ்பூன், சுக்கு 2, துருவிய ஜாதிக்காய் 1, கிராம்பு அரை, ஏலக்காய் அரை. கலந்து, காற்றுப் புகாத பாட்டிலில் அடுப்புச் சூடு படாமல் வையுங்கள். 250 கிராம் மாவுக்கு ஒன்றரை டீஸ்பூன் போதும். மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். அதற்குப் பிறகு வாசம் இறங்கிவிடும்.

சுருள் பட்டை விலை கூடுதல்தான். ஆனால், என்ன சாப்பிடுகிறோம் என்று தெரிந்து சாப்பிட அந்த விலை கொடுக்கலாம்.