இரண்டு மருந்துச் சீட்டுகள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி முதலிய ஊர்களில் உழைத்துப் பிழைப்போருள், காக்கை வலிப்புக்கு ஒரு வைத்தியரையும் இரத்தக் கொதிப்புக்கு மற்றொருவரையும் நாடுவோர் உளர். இரு சீட்டுகளும் ஒருவர் பார்வைக்கு வாராமையே நாம் அஞ்சுவது.

நரம்பணுக்களுட் கால்சியம் புகும் வாயிலை அடைக்கும் கொதிப்பு மருந்துகளை வலிப்பு மருந்தோடு கூட்டினால் நலம் விளையுமென ஆராய்ச்சியாளர் கருதினர். நிபெடிபின், நிமோடிபின் முதலியவற்றைச் சோதித்தும் அப்பயன் உறுதிப்படவில்லை.

தீங்கோ தெளிவாயுளது. வெரபமில் என்பது, ஈரலிலே கார்பமசெபின் சிதைவதைத் தடுக்கும். அது குருதியில் மிகுந்து தலைசுற்றலும் இரட்டைப் பார்வையும் தரும். 1938-இல் வலிப்புக்குப் பயன் காணப்பட்ட பெனிட்டாயினோ, நிபெடிபினை விரைந்து சிதைவித்துக் கொதிப்பு மருந்தின் வலியைக் குறைக்கும். சுழலும் இயந்திரத்தருகே நிற்பவனுக்கு இவை சிறு துன்பங்களாமோ?

ஆயினும் அஞ்சி மருந்தைத் தாமே நிறுத்தலாகாது. திடீரென நிறுத்தின் வலிப்பு மூளும். இரு சீட்டுகளையும் இரு வைத்தியரிடமும் காட்டுதலே தக்கது. அதற்குத் தடையாவது யாது? ஊரார் இகழ்ச்சிக்கு அஞ்சி வலிப்பை மறைத்தலே. காக்கை வலிப்பு இந்து விவாகத்திற்குத் தடையன்றெனச் சட்டம் 1999-இல் திருந்திற்று. கற்றோராகிய நம் மனமும் திருந்துமாயின், நோயாளர் வாய் திறப்பர். வைத்தியமும் செவ்விதின் நடைபெறும்.