யாருக்கு நஷ்டம்?

அமெரிக்க விளையாட்டுப் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எழுத விஷயம் கிடைக்காத நாட்களில், 'சரித்திரத்திலேயே படுமோசமான வியாபாரங்கள்' என்று ஒரு ஜாபிதாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். எந்த முதலாளி எந்த ஆட்டக்காரனை விற்று ஏமாந்தான், எந்தக் குழு எந்த வாலிபனைப் பொறுக்கி எடுத்து ஏமாந்தது என்று வரிசைப்படுத்திச் சிரிப்பார்கள். படிக்கச் சுவாரஸ்யமாகத்தான் இருக்கும். நானும் விடாமல் படிக்கிறவன்தான். ஆனால் ஒரு கேள்வி. படுமோசம் என்கிறார்களே, யாருக்கு?

ஜாபிதாவின் தலையில் எப்போதும் பேப் ரூத் இருப்பார். பேஸ்பால் ஆட்டத்தில் அவருக்கு இணை இல்லை என்பார்கள். பாஸ்டன் குழுவின் முதலாளி ஹாரி ஃப்ரேஸி, 1919 டிசம்பர் கடைசியில் பேசி முடித்து, 1920 ஜனவரியில் அவரை நியூயார்க் குழுவுக்கு விற்றார். விலை ஒரு லட்சம் டாலர். அது போக, பாஸ்டன் மைதானத்தின் மேல் மூன்று லட்சத்துக்குக் கடனும் வாங்கிக்கொண்டார். 1918-ல் சாம்பியனாயிருந்த பாஸ்டன் மறுபடி அந்தப் பட்டத்தைப் பார்க்க 2004 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஃப்ரேஸி நாடகக் கொட்டகைக்காரர். ஆகவே, 'நோ, நோ, நானெட்' என்ற இசை நாடகத்துக்குப் பணம் தேடித்தான் ரூத்தை விற்றார் என்று கதை கட்டிவிட்டார்கள். அந்த நாடகம் நியூயார்க்கில் மேடையேறியது 1925-ல்! கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். இப்படிக் காரண காரியத்தை முன்பின்னாக மாற்றி ஒரு கதை எழுதினால் எந்தப் பத்திரிகை ஆசிரியரும் திருப்பி அனுப்பிவிடுவார்.

ரூத்துக்கு இதில் நஷ்டமில்லை. நியூயார்க் போனதும் அவர் புகழ் பத்து மடங்காயிற்று. அது தற்செயல். அவரைக் கேட்டா விற்றார்கள்? விற்ற பிறகு சொன்னார்கள், அவ்வளவுதான்.

ஆட்டக்காரர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் அந்நாளில் ஒரு ஷரத்து இருந்தது. வருஷம் முடிந்தால் குழு தன் இஷ்டப்படி இன்னொரு வருஷம் நீட்டிக்கொள்ளலாம். அந்த வருஷம் முடிந்தால் இன்னொன்று, அதற்குப் பின் மற்றொன்று என்று முதலாளிகள் அதற்கு வியாக்கியானம் செய்தார்கள். ஆட்டக்காரன் வேறு குழுவுக்குப் போக முடியாது. குழு மட்டும் அவனை எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம். கல்யாணமானவனா, பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கின்றன என்றெல்லாம் கேள்வி கிடையாது.

ஜாபிதாக்காரர்களின் இன்னொரு செல்லப் பிள்ளை 1964 ஜூன் 15-ல் நடந்த பரிவர்த்தனை. சிகாகோ குழு லூ ப்ராக் என்ற இளைஞரைச் செயின்ட் லூயிஸுக்குக் கொடுத்துவிட்டு, எர்னி ப்ரோலியோ என்ற பந்தெறிபவரை வாங்கிற்று. இவர்களோடு இன்னும் சிலரும் இடம் மாறினார்கள். அவர்களை யாரும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை. முந்திய வருஷம் ப்ரோலியோ 18 ஆட்டங்களை ஜெயித்துக் கொடுத்தவர். ப்ராக் அதுவரை பேர் சொல்லும்படி எதுவும் செய்யாதவர். சிகாகோவுக்குத்தான் லாபம் என்று அன்றைக்கு எழுதியவர்களும் பத்திரிகைக்காரர்களே. ஆனால் ப்ராக் போன வருஷமே செயின்ட் லூயிஸ் சாம்பியனாயிற்று. எதிரி அசந்த சமயம் பார்த்து அடுத்த தளத்துக்கு ஓடிவிடுவதை அந்த ஆட்டத்தில் திருட்டு என்பார்கள். தம் ஆயுளில் 938 திருட்டுகள் செய்து கீர்த்தி பெற்றார் ப்ராக். ப்ரோலியோவுக்கோ முழங்கை கெட்டுப்போய் அதே வருஷம் ஆபரேஷன். சிகாகோவுக்காக மூன்று பருவங்களில் அவர் ஜெயித்தவை ஏழே ஆட்டங்கள்.

அந்த மனிதர் 2019-ல் இறந்தார். ஐம்பத்தைந்து வருஷம் அவர் பெயரைச் சொன்னாலே சிரிப்பு. அவர் செய்த குற்றம் என்ன? தம்மை விற்கச் சொன்னாரா, வாங்கச் சொன்னாரா? கை நொந்தது அவருக்கு. அதை நஷ்டம் என்று சிகாகோவின் பேரேட்டில் எழுதுகிறார்கள்!

கூடைப்பந்தில் சாம் போயி என்பவருக்கும் இதே கதிதான். கல்லூரி முடித்து வரும் வாலிபர்களைக் குழுக்கள் முறை வைத்துப் பொறுக்கிக்கொள்வதற்கு 'டிராஃப்ட்' என்று பெயர். 1984-ல் ஹூஸ்டன் முதலில் ஓலாஜுவானை எடுத்தது. இரண்டாவதாக வந்த போர்ட்லண்ட் போயியை எடுத்தது. மூன்றாவதாகச் சிகாகோ எடுத்தது மைக்கேல் ஜோர்டனை. போயியின் கால் எலும்பு கல்லூரியிலேயே முறிந்து, இரண்டு பருவங்கள் ஆடாமலிருந்தவர். போர்ட்லண்டில் மறுபடியும் முறிந்தது. வைத்தியர்கள் சோதித்தபோது வலித்ததை மறைத்து, வலிக்கவில்லை என்று சொன்னதாக அவரே 2012-ல் ஓர் ஆவணப்படத்தில் சொன்னார். பொய்தான். ஆனால் இருபத்து மூன்று வயதில், ஜீவனமே அந்த ஒரு பதிலில் தொங்கும்போது, உண்மை பேசியிருப்போம் என்று நம்மில் எத்தனை பேர் மார் தட்ட முடியும்?

இந்த முறைக்கு ஒரு நியாயம் சொல்லுவார்கள். பலவீனமான குழுவுக்கு முதல் வாய்ப்பு. அதனால் எல்லாக் குழுக்களும் சமநிலைக்கு வரும் என்று. கேட்க எவ்வளவு தர்மமாக இருக்கிறது! போர்ட்லண்டுக்கு வந்த அந்த இரண்டாவது இடம் யாருடையது தெரியுமா? அந்தப் பருவத்தில் 26 ஆட்டங்கள் மட்டுமே ஜெயித்த இண்டியானாவுடையது. டாம் ஓவன்ஸ் என்ற ஆட்டக்காரருக்காக 1981-லேயே அந்த உரிமையை இண்டியானா போர்ட்லண்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. ஓவன்ஸ் அங்கே ஆடியது ஒரே பருவம். போர்ட்லண்டோ அந்த வருஷம் 48 ஆட்டங்கள் ஜெயித்த குழு. ஏழைக்கென்று வைத்த கஞ்சியும் கைமாறிப் பணக்காரன் வீட்டுக்குப் போய்விட்டது. சமநிலையாம்!

"இவர்கள் கோடி கோடியாகச் சம்பாதிக்கிறவர்கள்தானே, இவர்களுக்காக ஏன் உருகுகிறீர்?" என்று கேட்பீர்கள். 2008-ல் தோனியை 15 லட்சம் டாலருக்குச் சென்னை ஏலத்தில் எடுத்தபோது நாம் கொட்டு முழக்கினோமே, அதில் என்ன தப்பு என்றும் கேட்பீர்கள். தோனி தாமாக ஏலத்துக்குப் பெயர் கொடுத்தார். அவருடைய ஒப்பந்தத்துக்கு ஒரு முடிவு தேதியும் இருந்தது. நான் பேசுவது பணத்தைப் பற்றியல்ல. முடியாது என்று சொல்லும் உரிமையைப் பற்றி.

அதைச் சொன்னவர் ஒருவர் இருந்தார். கர்ட் ஃப்ளட். அதே செயின்ட் லூயிஸில், அதே ப்ராக்கின் பக்கத்தில் நின்று ஆடியவர், நீக்ரோ இனத்தவர். பன்னிரண்டு பருவங்கள் அங்கே ஆடினார். சம்பளம் 90,000 டாலர். 1969 அக்டோபரில் ஃபிலடெல்ஃபியாவுக்கு அவரைத் தள்ளிவிட்டார்கள். செய்தி ஒரு டெலிபோன் அழைப்பில் வந்தது. அவர் போகவில்லை. நான் இஷ்டம்போல் வாங்கி விற்கும் சொத்தல்ல என்று டிசம்பர் 24-ல் பேஸ்பால் கமிஷனருக்குக் கடிதம் எழுதினார். பதில் சாதகமாக வராமற்போகவே கோர்ட்டுக்குப் போனார். 1970 முழுதும் ஆடவில்லை. மறு வருஷம் வாஷிங்டனுக்காக 13 ஆட்டங்கள் ஆடிப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டார்.

1972-ல் உச்சநீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லிற்று. பேஸ்பாலுக்கு மட்டும் இப்படியொரு விலக்கு இருப்பது விபரீதந்தான், ஆனால் காங்கிரஸ் சட்டம் செய்து மாற்றட்டும் என்றது கோர்ட்டு. நீதிபதி பிளாக்மன் தீர்ப்பின் ஆரம்பத்தில் ஆட்டத்தின் பெருமையைப் பாடி, பழைய ஆட்டக்காரர்களின் பெயர்களை எண்பதுக்கு மேல் வரிசையாக எழுதினார். ஆம், அங்கேயும் ஒரு ஜாபிதா! அதிலும் ஆரம்பத்திலேயே பேப் ரூத்.

1975 கடைசியில் பீட்டர் ஸைட்ஸ் என்ற மத்தியஸ்தர், வேறு இரண்டு ஆட்டக்காரர்கள் தொடுத்த வழக்கில், அந்த ஷரத்துக்கு ஒரே ஒரு வருஷந்தான் ஆயுள் என்று சொல்லிவிட்டார். பின்னால் வந்தவர்கள் கோடீசுவரர்களானார்கள். ஃப்ளட் 1997 ஜனவரியில் காலமானார். அவர் பெயரால் சட்டம் வந்தது 1998-ல்.

ஒரு விவரம் விட்டுப்போயிற்று. ஃப்ளட் வர மறுத்ததும் ஃபிலடெல்ஃபியாக்காரர்கள் சரக்குக் குறைகிறதென்று முறையிட்டார்கள். செயின்ட் லூயிஸ் நிர்வாகம் 1970-ல் வில்லி மான்டன்யேஸ் என்ற இளைஞரை அனுப்பிக் கணக்கை நேர் செய்தது.