சைக்கிளும் ரயிலேறும்

பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளை என் பெண் விடுவதாக இல்லை. சென்னையில் நர்சிங் இடம் கிடைத்ததும், "அம்மா, அதுவும் என்கூடத்தான் வரும்" என்று நின்றுவிட்டாள். "அங்கே போய் ஒண்ணு வாங்கிக்கிட்டா ஆச்சு" என்றார் இவர். ஹாஸ்டல் பணம் கட்டின கையோடு புது சைக்கிளுக்கு எங்கே போவது? ஹாஸ்டலிலிருந்து காலேஜ் மூன்று கிலோமீட்டர். முதல் நாளே வண்டி வேண்டும்.

எனக்குப் பயம். முன்பு பையனுடைய சைக்கிளைப் பார்சலில் போட்டுவிட்டு அவனைத் தனியாக அனுப்பினேன். அது ஐந்தாம் நாள் போய்ச் சேர்ந்தது. வந்தது தெரியாமல் கிடந்ததில் டெமரேஜ் வேறு! விவரம் கேட்காமல் போட்டது என் தப்புதான்.

பார்சல் வேறு, லக்கேஜ் வேறு. ஆபீஸ் ஒன்றாக இருப்பதால் நாம் குழம்பிவிடுகிறோம். பயணச்சீட்டைக் காட்டி லக்கேஜாகப் பதிந்தால், நாம் போகும் வண்டியின் பிரேக் வேனிலேயே சைக்கிளும் வரும். பார்சல் என்றால் இடமுள்ள வண்டியில் போகும். இலவச எடைக்குள் சைக்கிள் சேராது. தனிக் கட்டணம் உண்டு. வந்தே பாரத் வண்டியில் பிரேக் வேனே கிடையாது, அதில் டிக்கெட் எடுத்துவிட்டு முழிக்காதீர்கள்.

எங்களுக்குத் திருமங்கலம்தான் பக்கம். ஆனால் அங்கே வண்டி ஓரிரு நிமிஷம்தான் நிற்கும். அதற்குள் சைக்கிளை ஏற்றுவது நடக்கிற காரியமா? அதனால் மதுரை ஜங்ஷனுக்கே கொண்டுபோனோம். பாண்டியன் எக்ஸ்பிரஸ் அங்கிருந்தே புறப்படுவதால் அவசரமில்லை. அரை மணி முன்னதாகக் கொடுத்தால் போதும் என்பது விதி. நான் இரண்டு மணி நேரம் முன்பே போய் நின்றேன்.

கட்டுவதில்தான் சூட்சுமம். ஹேண்டில் பாரைத் தளர்த்தி பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். பெடலைக் கழற்றும்போது ஒன்று கவனம்: இடது பெடலின் மரை தலைகீழ், கடிகார முள் சுற்றும் பக்கம் திருகினால்தான் கழலும். இது தெரியாமல் இவர் அரை மணி நேரம் மல்லுக்கட்டினார்! செயினிலும் ஹேண்டிலிலும் பழைய சாக்கைச் சுற்றி, பெயர், ஊர், போன் நம்பரை எழுதிய துணியை இரண்டு இடத்தில் தைத்தேன். அட்டையென்றால் கிழிந்துபோகும்.

நெதர்லாந்தில் இருக்கும் என் சிநேகிதி கேட்டுவிட்டுச் சிரித்தாள். அங்கே சைக்கிளுக்கென்று தனி டிக்கெட் எடுத்து, கூடவே உருட்டிக்கொண்டு ஏறலாமாம். ஆனால் வேலை நாட்களில் காலை, மாலை நெரிசல் நேரத்தில் கூடாது. மடக்கு சைக்கிளுக்கு மட்டும் எப்போதும் அனுமதி, காசும் இல்லை. ஜப்பானிலோ பைக்குள் முழுக்க மூடினால்தான் ஏற்றலாம். அவ்வளவு தூரம் எதற்கு? நம் கொச்சி மெட்ரோவில் 2020லிருந்தே அனுமதித்தார்கள்.

மறுநாள் காலை பெண்ணிடமிருந்து போன். ரசீதைக் காட்டி எழும்பூரில் சைக்கிளை வாங்கிவிட்டாளாம். "எல்லாம் சரிம்மா, பெல்லைக் காணோமே?"

பத்திரமாக இருக்கட்டும் என்று கழற்றி நான்தான் கடுகு டப்பா பக்கத்தில் வைத்திருந்தேன்.