கிரகணப் பந்தி

சூரியனைப் பாம்பு விழுங்குகிறதாம். அதற்காக ஏழை பட்டினி கிடக்க வேண்டுமாம்! இப்படியும் ஒரு நியாயம் நம் நாட்டில் நடமாடுகிறது.

2019 டிசம்பர் 26 காலையில் வளைய சூரிய கிரகணம் வந்தது. கோவை, கரூர், திண்டுக்கல் வழியே வளையம் தெரிந்தது. நம் மீன்சுருட்டி வட்டாரத்திலும் சூரியனின் பெரும்பகுதி மறைந்தது. அன்று அடுப்பு மூட்டாத வீடுகள் எத்தனை! வாயும் வயிறுமாக இருந்த பெண்களைச் சோறு தண்ணீரின்றி அறைக்குள் அடைத்த வீடுகள் எத்தனை! தாம்பாளத்தில் உலக்கை நிற்கிறதென்று அதிசயித்தவர்களும் உண்டு. அடி தட்டையாயிருந்தால் உலக்கை என்றைக்கும் நிற்கும், தோழர்களே! நாளைக்கே நிறுத்திப் பாருங்கள்.

கிரகணம் என்பது என்ன? சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே சந்திரன் வந்தால் சூரிய கிரகணம். பூமியின் நிழல் சந்திரன்மீது விழுந்தால் சந்திர கிரகணம். எல்லாம் நிழல்! 499-லேயே ஆரியபட்டர் இதை எழுதி வைத்துவிட்டார்.

கிரகணத்திற்காக ஆலைச் சங்கு ஊதாமல் இருந்ததுண்டா? கந்துவட்டிக்காரன் ஒரு நாள் வட்டியைத் தள்ளியதுண்டா? இல்லை! தொழிலாளியின் வயிறு மட்டும் ஏன் காய வேண்டும்? நாற்று நட்டுக் களைத்த கர்ப்பிணிக்கு ஒரு வேளைக் கஞ்சி போனால் நஷ்டம் ராகுவுக்கா, பிள்ளைக்கா?

இந்த அச்சத்தைச் சிரித்தே விரட்டலாம். சென்னை பெரியார் திடலில் திராவிடர் கழகத்தார் கிரகண வேளையில் கூடி உண்டு காட்டியிருக்கிறார்கள். 2022 நவம்பர் 8 சந்திர கிரகணத்தன்று புவனேஸ்வரில் பகுத்தறிவாளர்கள் பிரியாணி விருந்தே வைத்தார்கள். மதவெறியர்கள் சாணம் வீசினார்கள். பிரியாணிக்குச் சாணம்தான் பதிலென்றால், வாதத்தில் தோற்றவர் யார் என்பது விளங்கவில்லையா?

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். சூரியனை வெறுங்கண்ணால் பார்த்தால் விழித்திரை கருகும். இது மூடநம்பிக்கையல்ல, கிரகணமில்லாத நாளுக்கும் பொருந்தும் உண்மை. சந்திர கிரகணத்தை வெறுங்கண்ணாலேயே தாராளமாகப் பார்க்கலாம்.

2031 மே 21-ல் தென் தமிழகத்தில் மறுபடியும் வளைய கிரகணம் தெரியும். அதற்குள் ஒவ்வொரு கிராமப் பள்ளிக்கும் பாதுகாப்பான சூரியக் கண்ணாடியும் ஒரு தொலைநோக்கியும் வந்து சேர வேண்டும். இதை நாம் பிச்சையாகக் கேட்கவில்லை. வரி கொடுக்கும் மக்களின் உரிமையாகக் கேட்கிறோம்!

அன்று மீன்சுருட்டிக் கடைவீதியில் பந்தி விரியட்டும். முதல் இலை கர்ப்பிணிப் பெண்களுக்கு!